சொல்லாமல் விட்ட டெஸ்ட்

போன வாரம் திருச்சியில் ஒரு மருத்துவமனை. ரத்தம் எடுக்கும் அறைக்கு வெளியே என் ஆபீஸ் தோழி கவிதாவும் அவள் தங்கை மாலதியும் உட்கார்ந்திருந்தார்கள். மாலதிக்கு இப்போது நான்காவது மாதம்.

கவிதாவின் மகள் பவிக்குப் பத்து வயது. முதலில் பார்வை மங்கியது. கண்ணாடியை மாற்றினார்கள், மாற்றிக்கொண்டே இருந்தார்கள். பிறகு தெரிந்த பாடமெல்லாம் மறந்தது. அப்புறம் வலிப்பு... இப்போது நடையும் தடுமாறுகிறது.

டாக்டர் சொன்னதில் எனக்குப் புரிந்தது இதுதான். நம் செல்களுக்குள் லைசோசோம் என்று குட்டிக் குட்டிப் பைகள் உண்டு. கழிவை உடைத்துக் கரைப்பது அவற்றின் வேலை. அதற்கு வேண்டிய ஒரு புரதம் பவியின் உடம்பில் சரியாக உருவாகவில்லை. உறையூரில் எங்கள் தெருவுக்கு ஒரு வாரம் குப்பை வண்டி வராவிட்டால் எப்படி இருக்கும்? அந்தக் கதைதான். தோல் செல்லாவது செத்தால் புதிதாக வரும். மூளை செல்லுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான ஜீன் வந்தால்தான் இந்த நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் ஆள் கல்லுக்குண்டு போல இருப்பார். கவிதா கட்டிக்கொண்டது சொந்த அத்தை மகனை.

"ரெண்டு பக்கமும் கூடப்பிறந்தவங்களை டெஸ்ட் எடுத்துக்கச் சொல்லுங்க" என்று நோய் தெரிந்த அன்றே டாக்டர் சொல்லியிருக்கிறார். புருஷன் பெண்டாட்டி இருவருமே வாய் திறக்கவில்லை. "காய்ச்சல்ல வந்த கோளாறு" என்று சொந்தக்காரர்களைச் சமாளித்துவிட்டார்கள்.

ஏன்? அப்போதுதான் மாலதிக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை யார்? கவிதா கணவரின் தம்பியேதான்.

ஜாதகத்தைத் துருவித் துருவிப் பார்த்த வீடு அது! நல்லா இருக்கிற பிள்ளைகளுக்கு எதுக்கு டெஸ்ட் என்று இவர்களாகவே முடிவு செய்துவிட்டார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் தங்கை நன்றாக இருக்கவேண்டும் என்றுதானே மறைத்தாள்?

போன மாதம் ஸ்கேனுக்குப் போன இடத்தில், "குடும்பத்துல யாருக்காவது பரம்பரை வியாதி இருக்கா?" என்று கேட்டிருக்கிறார்கள். "இல்லைங்க" என்றாளாம் மாலதி. துணைக்குப் போயிருந்த கவிதா அங்கேயே உடைந்துபோய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

மாலதிக்கு ரிசல்ட் வந்துவிட்டது. அந்த ஜீன் அவளிடமும் இருக்கிறது. அன்றைக்கு உள்ளே அவள் கணவருக்கு ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"உன் கல்யாணம் நின்னுடுமோன்னு பயந்துட்டேன்டி" என்றாள் கவிதா, தரையைப் பார்த்தபடி.

மாலதி குரலை உயர்த்தவே இல்லை.

"நின்னிருந்தா வேற மாப்பிள்ளை பார்த்திருப்பாங்கக்கா."