மூன்றாம் மாடி ஜன்னலின் அளவு

அவளுக்கு அந்த வட்டாரம் வைத்த பெயர் 'டேப் அக்கா'. திரைச்சீலை தைப்பது தொழில். கழுத்தில் அளவு டேப் இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை. அடுத்தவர் விவகாரத்தில் மூக்கை நுழைக்கிறாள் என்று ஒரு புகாரும் உண்டு. அது உண்மைதான். ஜன்னலை அளக்க உள்ளே விட்டால் போதும், வீட்டுக்காரருக்கு என்ன வேலை, எத்தனை பேர், வாடகை எவ்வளவு என்று அத்தனையையும் கறந்துவிட்டுத்தான் வெளியே வருவாள்.

ஊர் ஜன்னலுக்கெல்லாம் தைத்தவள் குடியிருந்த அறையில் ஒரு ஜன்னல்கூடக் கிடையாது. தையல் மெஷின் இடித்துக்கொண்டு கதவு பாதிதான் திறக்கும். உணவகத்தில் பாத்திரம் கழுவும் அவள் கணவர் ஒருக்களித்துத்தான் உள்ளே வருவார். பகலிலும் விளக்குப் போட்டுத் தைத்துத் தைத்து அவளுக்குக் கண் எரிச்சல் தீராத தொல்லையாகிவிட்டது.

தெருமுனையில் ஏழு மாடிக் கட்டடம் எழும்பி, 'குறைந்த வருமானத்தினருக்கான வாடகை வீடுகள்' என்று பலகை மாட்டியபோது, டேப் அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. விண்ணப்பம் போட்ட கையோடு காவலாளியிடம் நைச்சியமாகப் பேசி, மூன்றாம் மாடியில் காலியாக இருந்த ஒரு வீட்டுக்குள் போய்விட்டாள். கிழக்குப் பார்த்த பெரிய ஜன்னல். அதன் அடியில் மெஷினைப் போட்டால் காலை வெளிச்சம் நேராக ஊசி மேல் விழும். அளந்து நோட்டில் குறித்துக்கொண்டாள். வாடிக்கையாளர் பெயர் எழுதும் இடத்தில் 'நம்ம வீடு' என்று எழுதினாள்.

"அப்போ தையல்கூலி யார்கிட்ட வாங்குவ?" என்றார் கணவர்.

"உங்ககிட்டதான். விட்டுடுவேனா?"

அதற்குள் அந்தக் கட்டடத்தின் முதல் மாடியிலிருந்தே அவளுக்குத் தையல் வேலை வந்தது. ஒரு வீட்டில் பள்ளி ஆசிரியை, இன்னொன்றில் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர், அடுத்ததில் வங்கி ஊழியர். பாத்திரம் கழுவுகிறவர், வீடு துடைக்கிறவர், மூட்டை தூக்குகிறவர் ஒருவரையும் காணோம். இது என்ன கூத்து என்று அவள் மண்டை குடைந்தது. நேரே வீட்டு ஒதுக்கீட்டு அலுவலகத்துக்குப் போனாள்.

அங்கிருந்த குமாஸ்தா பெண் விண்ணப்பத்தைப் புரட்டினாள். "உங்க ரெண்டு பேர் வருமானமும் பத்தாதும்மா. வாடகையைப் போல மூணு மடங்கு இருக்கணும்."

"குறைஞ்ச வருமானக்காரங்களுக்குன்னுதானே போர்டு வெச்சிருக்கீங்க?"

"அந்தக் குறைஞ்ச வருமானத்துக்கும் ஒரு அளவு இருக்கும்மா. அதுக்குக் கீழ போகக் கூடாது."

வேறொருத்தியாக இருந்தால் சண்டை பிடித்திருப்பாள். டேப் அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "வாடகையை எப்படித்தான் முடிவு பண்றாங்க? கொஞ்சம் சொல்லுங்களேன்."

அதுவரை யாரும் இதைக் கேட்டதில்லை போலும், குமாஸ்தா உற்சாகமாகவே விளக்கினாள். நகரத்தில் எல்லார் வருமானத்தையும் பார்த்து, நடுவில் வருவதை எடுத்து, அதில் கொஞ்சம் குறைத்து, அதற்குத் தகுந்த மாதிரி வாடகை போடுவார்களாம்.

"பங்களாக்காரங்களும் சேர்த்தியா?"

"எல்லாரும்தான்."

"ஆறடி ஆளையும் மூணடிக் குழந்தையையும் அளந்து, நடுவுல ஒரு சட்டை தச்சா யாரு மேடம் போடுவா?"

குமாஸ்தா சிரித்துவிட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "நானும் இங்க ஒரு வீடு கேட்டுப் பாத்தேன். எனக்கும் இல்லன்னுட்டாங்க."

மூன்று மாதம் கழித்து அதே கட்டடத்திலிருந்து ஒரு புதுமணப் பெண் கூப்பிட்டனுப்பினாள். மூன்றாம் மாடி. கதவு திறந்ததுமே, தான் அளந்த அதே வீடு என்று டேப் அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. காலை வெளிச்சம் தரையில் அவள் நினைத்த இடத்திலேயே விழுந்திருந்தது.

ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? "வாடகை கட்டுப்படியாகுதா?" என்று கேட்டாள்.

"எங்கே அக்கா கட்டுப்படியாகுது! ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம், சம்பளத்துல மூணுல ஒரு பங்கு இதுக்கே போயிடுது. ஜன்னல்ல இத்தனை நாளும் பழைய போர்வைதான் தொங்குச்சு." அந்தப் பெண் ஜன்னலோரம் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். "ஏறி அளந்துக்குங்க."

"வேண்டாம்மா, அளவு இருக்கு."

நோட்டைப் புரட்டி அந்தப் பக்கத்தை எடுத்தாள். மேலே எழுதியிருந்ததை ஒரே கோட்டில் அடித்தாள்.

"உன் பேர் என்னம்மா?" என்றாள்.