மூன்று காலி பைட்டும் ஒரு டிரெய்லரும்

எடைமேடையில் ஏறும் லாரியின் எடையைச் சில பைட்டுகளில் அடைத்து கேட் கம்ப்யூட்டருக்கு அனுப்புவது என் பிழைப்பு. ஒரு பைட் இடம் மாறினாலும் மானம் போகும் என்பது இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்ட உங்களுக்குத் தெரியாததா?

பூஜ்யம் கிலோ

திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில் எடையை அனுப்பும் எங்கள் பெட்டியை மாட்டிய திங்கட்கிழமை. லேப்டாப்பில் நானே அனுப்பி நானே படித்தபோது எல்லாம் பிரமாதம். இங்கே முதல் லாரிக்கே எடை கோடிக்கணக்கான கிலோ! அடுத்து டிரைவர் ஏழுமலையின் டிரெய்லர். திரையில் பூஜ்யம். எடை சரியாக வராமல் கேட் திறக்காது. பின்னால் எர்ணாவூர் வரைக்கும் வண்டிகள் நின்றன. ஏழுமலை இறங்கி வந்து திரையைப் பார்த்தார்.

"இன்னா சார், நான் காத்தையா ஓட்டிகினு வந்தேன்?"

வெள்ளிக்கிழமை வரைக்கும்

யார்டு பொறுப்பாளர் ஸ்டெல்லா அக்கா பழைய நோட்டில் எடையைக் கையால் எழுதி வண்டிகளை விட்டார். வெள்ளிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் பெட்டியைக் கழற்றிவிடுவேன் என்றார். எங்கள் கம்பெனியே நானும் ரபீக்கும்தான். இந்த யார்டுதான் எங்கள் முதல் இடம். இது போனால் கம்பெனியை மூட வேண்டியதுதான்.

நான் விடுவதாயில்லை. எடைமேடை அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வரும் பைட்டுகளை ஒவ்வொன்றாகப் பேப்பரில் எழுதினேன். புதன்கிழமை பிடிபட்டது. லாரி நிற்கும் லேன் நம்பருக்கு ஒரு பைட், அடுத்து எடைக்கு நாலு பைட் என்று மட்டும், பெட்டிக்கு புரோகிராம் எழுதும் ரபீக்கிடம் எழுதிக் கொடுத்திருந்தேன். எது எங்கே தொடங்குகிறது என்று எழுதவில்லை. நாலு பைட் எண் நாலின் மடங்கில் தொடங்கினால்தான் பெட்டிக்குள் இருக்கும் சிப்புக்கு வசதி. அதற்காக, அவன் புரோகிராமை சிப்புக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலர் நடுவில் மூன்று பைட்டைக் காலியாக விட்டிருந்தது. அந்தக் காலியை நான் எடை என்று படித்துக்கொண்டிருந்தேன். எடையின் கடைசி பைட் மட்டும் ஓரத்தில் சிக்கி, பெரிய இலக்கத்தின் இடத்தில் விழுந்தது. ஏழுமலை வண்டிக்கு அந்த பைட் பூஜ்யம், அதனால் எடையும் பூஜ்யம்; மற்ற வண்டிகளுக்குக் கோடி. ரபீக்கிடம் போனில் கத்தினேன்.

"நான் எங்க மாமு காலி வுட்டேன்? அதுவா வுட்டுகினு கீது!"

படத்தைப் பார்த்த அக்கா

படிக்கும்போது அந்த மூன்று பைட்டைத் தாண்டிவிட்டால் போதும் என்றான் ரபீக். நான் ஒத்துக்கொள்ளவில்லை. நாளைக்கு சிப் மாறினால் மறுபடி இதே கூத்து. வியாழக்கிழமை பேப்பரில் கட்டம் போட்டுப் படம் வரைந்தேன்: எடையை முதலில் வைத்து, அடுத்து லேன் நம்பரைப் போட்டு, மிச்சம் மூன்றுக்கும் "காலி" என்றே பெயர் எழுதினேன். ஒவ்வொன்றும் தொடங்கும் இடத்தையும் குறித்தேன். கன்டெய்னரில் தினமும் சரக்கு ஏற்றும் ஸ்டெல்லா அக்கா படத்தை எட்டிப் பார்த்தார்.

"பெரிய பொட்டி மொதல்ல, சின்னது அப்பால, மிச்ச எடத்துல சரக்கு ஆடாம காத்துப் பை. இதுக்கா தம்பி நாலு நாளு?"

கேட்

வெள்ளிக்கிழமை காலை அதே டிரெய்லர் ஏறியது. திரையில் 12,800 கிலோ. கேட் திறந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அக்கா நோட்டை மூடி மேஜைக்குள் வைத்தார். ஏழுமலை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

"தெனம் இங்கியே குந்திகினு கீறியே, வூட்டுக்குப் போ சார்!"

போனேன், ஆனால் அன்று முதல், ஒன்றுமே இல்லாத இடத்துக்குத்தான் முதலில் பெயர் வைக்கிறேன்.