உதைத்த கால்

அமெரிக்க ஊரான ரிச்சர்ட்சனில் டெலிகாம் கம்பெனிகள் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்த வருஷம். குடல்வால் ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தேன். பக்கத்துக் கட்டிலில் நெடிய வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர். சர்க்கரை நோயால் புண்ணாகிப்போன அவருடைய வலது காலை மறுநாள் எடுக்கப்போகிறார்கள். அதை ஓயாமல் தடவிக்கொண்டிருந்தார்.

"காலேஜ் ஃபுட்பால்ல நாலு வருஷம் இந்தக் கால்தான் கிக் பண்ணுச்சு," என்றார் ஆங்கிலத்தில். அமெரிக்க ஃபுட்பாலில் தரையில் நிறுத்திய பந்தை இரண்டு கம்பங்களுக்கு நடுவே உதைப்பது அவர் வேலை. "கடைசி மேட்ச்ல ஒண்ணு வெளிய போயிடுச்சு. தோத்துட்டோம். ஊர்ல இன்னும் அதைத்தான் கேக்குறாங்க."

"உள்ள போனது எத்தனை?" என்றேன்.

விரல்விட்டு எண்ணத் தொடங்கி, பாதியில் நிறுத்தினார். "எனக்கும் அந்த ஒண்ணுதான் ஞாபகம் இருக்கு."

காலையில் அவரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவர் திரும்புமுன் என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தக் கேள்வியைக் கேட்காமலே இருந்திருக்கலாம்.