தாராவி சிலையில் ஐந்தாவது ஆள்

மூன்று வாரத்துக்கு முன்னால் தாராவி போயிருந்தேன். நைன்ட்டி ஃபீட் ரோட்டில் ஒரு தமிழர் சங்கம், 1876-ல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தில் செத்தவர்களுக்காகத் தன் வாசலில் சிலை வைக்கிறது. கல்வெட்டு வாசகம் எழுதித்தர என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பத்திரிகையில் எழுதுகிறவனுக்குக் கல்லில் எழுதக் கசக்குமா?

சிலை, இரும்புத் தகட்டை வெட்டி வெல்டிங் செய்தது. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். எலும்பும் தோலுமாக நடந்து போகிறார்கள். செய்தவர் சேகர், பக்கத்துச் சந்தில் கிரில் பட்டறை வைத்திருப்பவர். சுற்றி நின்று பாராட்டிக்கொண்டிருந்தோம்.

"ஒரு பிள்ளையக் காணோமே?"

கேட்டவர் ரோசம்மாள். முனிசிபல் பள்ளிக்கூடத்தில் ஆயாவாக இருந்து ரிட்டயர் ஆனவர். சங்கச் செயலாளர் அந்தோணியின் அக்கா.

"எந்தப் பிள்ளைம்மா?" என்றேன்.

"எங்க வீட்டுப் பிள்ளைதான் சார். முத்தம்மா. நாலு வயசு. அந்தப் பஞ்சத்துல கஞ்சித் தொட்டிக்கு நடந்து போறப்போ மூணு பிள்ளையத் தூக்க அப்பன் ஆத்தாளுக்குத் தெம்பு இல்ல. 'இங்கனயே இரு, கஞ்சி வாங்கிட்டு வாரோம்'னு ரோட்டோரத்துல உக்கார வச்சிட்டுப் போயிட்டாங்க. திரும்பி வரவே இல்ல. கூடப் போன பிள்ளையில ஒண்ணோட வம்சம்தான் நாங்க. எங்கம்மா சாகுறதுக்கு முந்தி ஆஸ்பத்திரியில வச்சுச் சொன்னது."

அந்தோணிக்கு முகம் கறுத்துவிட்டது.

"யக்கா, காலிபீலி, சும்மா எதுக்கு இதெல்லாம் வெளிய சொல்லுத? பெத்த பிள்ளைய விட்டுட்டு ஓடுன குடும்பம்னு நாலு பேரு பேசவா?"

"ஏல, அவங்க ஓடல. நடந்தாங்க. நடந்ததுனாலதான் நீ இன்னைக்கி இங்கன நிக்க."

அந்தோணி விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார். கமிட்டி ஆட்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். நான் போனை நோண்டினேன்... செத்தவர்களுக்காக வருத்தப்படுவது சுலபம். பிழைத்தவர்கள் எதைக் கொடுத்துப் பிழைத்தார்கள் என்று யார் கேட்கிறோம்?

சேகர் மட்டும் அளவு டேப்பை எடுத்தார்.

"எவ்வளவு தூரத்துலக்கா உக்கார வைக்கணும்?"

ரோசம்மாள் சிலைக்குப் பின்னால் நாலு எட்டு நடந்துபோய் நின்றார். "கூப்பிட்டா கேக்குற தூரத்துல."

அந்தோணி சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சேகர் வேலையை ஆரம்பித்துவிட்டார்.

போன ஞாயிறு திறப்பு விழா. நாலு பேர் நடந்து போகிறார்கள். பத்தடி பின்னால் ஒரு சின்ன உருவம், அவர்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறது. அழுகிற முகம் இல்லை. காத்திருக்கிற முகம். ரோசம்மாள் அதன் தலையை ஒருமுறை தடவிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

மைக்கில் அந்தோணி பேசவில்லை. கூட்டம் கலைந்தபிறகு அந்தப் பிள்ளைக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். பக்கத்துக் கல்லில் நான் எழுதியிருந்த வரியைப் படித்தார் — 'முத்தம்மா, நாலு வயது.' பிறகு என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"சார், இது பத்தாது."

சண்டைக்குத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன்.

"எம் பேரப்பிள்ளைங்களுக்குத் தமிழ் வாசிக்க வராது. அவ பேரக் கீழ இந்தியிலயும் போட்டுருங்க."

போடச் சொல்லிவிட்டேன். கொட்டை எழுத்தில்!