மூணாவது ரிங்

போன வாரம் எனக்கு வெட்டுகிற வேலை. எங்கள் ஆஸ்பத்திரியில் வார்டு, ஸ்டோர், சலவைப் பிரிவு என்று மூலைக்கொரு லேண்ட்லைன். பில் எகிறுகிறது, ஆகாததை எல்லாம் எடுத்துவிடு என்று மேலிடத்து உத்தரவு. கள்ளக்குறிச்சியில் கீரை விற்பவர்கூட செல்லில் பேசுகிற காலத்தில் இத்தனை போன் எதற்கு? நியாயம்தானே!

பில்களை விரித்தேன். சலவைப் பிரிவு... மாதக்கணக்காக ஒரு கால்கூட இல்லை, வாடகை மட்டும். சிவப்புப் பேனாவால் ஒரே கோடு. அப்பாடா!

மறுநாள் காலை என் மேஜை முன்னால் ஆரோக்கியமேரி. சலவைப் பிரிவில் இருபது வருஷமாகத் துணி வெளுப்பவர். அதிர்ந்து பேசி நான் கேட்டதில்லை.

"சார், எங்க போனை எடுத்துடாதீங்க."

"அதுல யாரும்மா பேசுறா? பில்லுல ஒண்ணுமே இல்லையே?"

"பேசுனாத்தானே சார் பில்லு வரும்?"

விஷயம் அவர் மகன் ஜோசப். சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு ரிஷிவந்தியத்தில் வீடு சேர்ந்ததும், பெட்டிக்கடை காயின் போனில் இந்த நம்பருக்கு அடிப்பானாம். ரெண்டே ரிங். உடனே கட். வீடு வந்துட்டேன் என்று அர்த்தம். எடுத்தால்தானே காசு? அந்தச் சிக்கனத்தைச் சொல்லிக் கொடுத்ததும் இவர்தான்.

ஆறு வருஷம் முன்னால் அப்பாவோடு சண்டை. வீட்டை விட்டுப் போனவன், போனவன்தான்.

"ரீசார்ஜ் பண்ண முடியாம என் செல் நம்பர் மூணு தபா மாறிப்போச்சுங்க. இது ஒண்ணுதான் மாறல. அவனுக்கு மனப்பாடம்."

"அதுக்கப்புறம் அடிச்சானா?"

"கிறிஸ்துமஸுக்கு மொத நாளு அடிச்சுது சார். கையைத் தொடச்சிக்கினே ஓடியாறேன்... ரெண்டோட நின்னுபோச்சு."

நம்பர் காட்டாத பழைய செட் அது. "ராங் நம்பரா இருக்கும்மா" என்று இழுத்தேன்.

"இன்னா சார் இப்படிச் சொல்றீங்க? வேற எவன் ரெண்டோட நிறுத்துவான்?"

பில்லில் வராதது எதுவும் நடக்கவே இல்லை என்று நினைத்தேன் பாருங்கள், நான் ஒரு ஆபீஸர்!

சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் 'அவசியம் தேவை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சலவைப் பிரிவைத் தாண்டும்போதெல்லாம் இப்போது என் காதும் அந்தப் பக்கமே போகிறது. அடிக்காதா என்று ஏங்குகிறது.

தம்பி ஜோசப், எங்கே இருந்தாலும் சரி... அடுத்த தடவை மூணாவது ரிங் வரைக்கும் விடுப்பா, உங்க அம்மாவால் முன்ன மாதிரி ஓட முடியவில்லை.