சித்தி சிங்களத்தில் பேசிய காலை

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஞாயிறு மத்தியானம், இலங்கையின் றக்வானைக்கு மேலேயிருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில், வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில், வீடியோ டெக் வைத்துப் படம் போட்டார்கள். தன்னைக் கெடுத்தவனைக் கதாநாயகி வெட்டிச் சாய்த்தபோது பெண்கள் எல்லோரும் கைதட்டினார்கள். என் பக்கத்திலிருந்த சித்தி தட்டவில்லை. கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அப்போது பதின்மூன்று வயது.

சித்தி அம்மாவின் தங்கை, எங்களோடு லயத்து வரிசை வீட்டில் இருந்தவள். கொழுந்து பறிக்கும் மலையில் கங்காணி அவள் கையைப் பிடித்து இழுப்பதும், மறுத்தால் செங்குத்தான சரிவிலுள்ள நிரைக்கு அனுப்புவதும் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை.

மறுநாள் விடியலில் சித்தியின் கூடையைத் தூக்கிப் பார்த்த அம்மா, உள்ளிருந்து தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை எடுத்தாள்.

“இத எதுக்குக் கொண்டு போற?”

“அவ வெட்டுனாளே அக்கா, ஊரே கைதட்டுச்சே.”

“படத்துல வெட்டுனதும் வணக்கம் போட்டுருவாங்க. நீ வெட்டுனா பொலிசு வரும். அவன் செத்தவன், நீ கொலகாரி. அவன் செஞ்சத யாரு பேசுவா?”

சித்தி நெடுநேரம் அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, “அப்ப நானே பேசுறேன்” என்றாள்.

பள்ளிக்கூடம் போகாமல் நானும் பின்னால் போனேன். காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில், தோட்டத்துக்குப் புதிதாக வந்த உதவி மேலாளரான சின்னத்துரை நின்றார். அவருக்குத் தமிழ் தெரியாது. சித்தி முன்னால் போய்த் தமிழில் ஆரம்பித்ததும், கங்காணி குறுக்கே வந்து அவளுக்குக் காய்ச்சல், லீவு கேட்கிறாள் என்று சிங்களத்தில் சொன்னான்.

“மாத்தயா, மெயா பொரு கியன்னே” என்றாள் சித்தி. ஐயா, இவன் சொல்வது பொய் என்று. கீழேயிருந்த சிங்களக் கிராமத்துப் பெண்களோடு பழகிக் கற்ற சிங்களம். நடந்ததையெல்லாம் அதிலேயே சொன்னாள். கங்காணியின் முகம் வெளுத்தது.

“பொய் சொல்றா தொரை!” என்று பதற்றத்தில் தமிழிலேயே கத்தினான்.

அம்மா கூடையைக் கீழே வைத்தாள். அடுத்தவள் வைத்தாள். கடைசியில் மலைக்குப் போக ஒருத்தியும் இல்லை.

விசாரணை மூன்று நாள் நடந்தது. இன்னும் நாலு பெண்கள் பேசினார்கள். கங்காணி வேலையை விட்டுப் போக வேண்டியதாயிற்று. போகும்முன் எல்லோர் முன்னாலும் சித்தியிடம் மன்னிப்புக் கேட்டான். அவள் கூடையை எடுத்துக்கொண்டு மலைக்கு நடந்தாள்.

பெண்களுக்குப் பெண்ணே கங்காணியாக வேண்டும் என்று எல்லோரும் கேட்டார்கள். அடுத்த வருடம் அந்த வேலை சித்திக்கே கிடைத்தது. முதல் நாள் பேர் கூப்பிடும்போது அவள் குரல் நடுங்கியது. “சத்தமாக் கூப்பிடுடீ!” என்று வரிசையிலிருந்து அம்மா கத்தினாள். எல்லோரும் சிரித்தார்கள், சித்தியும்தான்.