இரண்டு பேர், ஒரு தட்டு அத்தோ

நண்பன் வளைகுடாவுக்குத் திரும்ப மூன்று நாள்தான் இருந்தது. லப்பைக்குடிக்காட்டில் அவன் மனைவி கறாராகச் சொல்லியிருந்தாள்: பெரம்பலூரில் இல்லாத ஒரு தீனியைக் கண்டுபிடித்து வந்தால் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கடை போடலாம், விமானம் ஏற வேண்டாம். இல்லையென்றால் பேசாமல் போய்விட வேண்டும். அதைத் தேடித்தான் சென்னைக்கு வந்தோம். கவிதை எழுதுகிறவனுக்கு நாக்கு கூர்மையாக இருக்கும் என்று நம்பி, அரியலூரிலிருந்து என்னையும் இழுத்து வந்துவிட்டான்.

வெளியூர்க்காரர்கள் வந்து வேர்விட்ட தெருக்களாகப் பார்த்து நடந்தோம். சவுகார்பேட்டையில் நெய் மணக்கும் சந்துகள். மாடு ஒதுங்கினால்தான் மனிதன் போகலாம். கச்சோரி தின்றோம். சுண்டக் காய்ச்சிய பாலான ரபடி ஊற்றிய ஜிலேபி தின்றோம்.

“நம்ம ஊரு ஆளு காலங்காத்தால இனிப்பு திம்பானா மாப்ள?”

“திங்கலாம்டா.”

“திங்கலாங்கறியா, திம்பாங்கறியா?”

எனக்குத் தெரியவில்லை. நன்றாக இருந்தது, அவ்வளவுதான் தெரிந்தது.

இன்னொரு குழப்பமும் இருந்தது. அவனுக்குத் தனியாகச் சாப்பிட வராது. வளைகுடாவில் அறையில் ஆறு பேர் ஒரே தாம்பாளத்தைச் சுற்றி உட்கார்ந்து, பக்கத்துக் கை படப்படத் தின்று பழகியவன். இருபது வருடப் பழக்கம். எனவே எல்லாக் கடையிலும் ஒரே தட்டு, இரண்டு கை. எனக்குப் பிடித்தது பண்டமா, அந்தக் கை உரசலா? பிரித்துப் பார்க்க முடியாமல் தவித்தேன்.

சாயங்காலம் பர்மா பஜார் பக்கம் ஒரு தள்ளுவண்டியில் அத்தோ என்ற பர்மாத் தீனி. மஞ்சள் நூடுல்ஸ், கோஸ், பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய். எல்லாவற்றையும் கடைக்கார அம்மா கையாலேயே பிசைந்தார். கூட வாழைத்தண்டு சூப். இரண்டு தட்டு வைத்தார். நண்பன் என் தட்டை எடுத்துத் தன் தட்டில் கவிழ்த்தான்.

“என்ன சார், புதுசா கல்யாணம் ஆனவங்களா?” என்றார் அந்த அம்மா. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

“பழைய கல்யாணங்க. இவன்தான் இன்னும் வூட்டுக்கு வராம இருக்கான்” என்றேன். நண்பன் சிரிக்கவில்லை. தின்றுகொண்டிருந்தான்.

எந்த ஊர் என்று கேட்டார். பெரம்பலூர், அரியலூர் என்றோம்.

“எங்க மாமியார் ரங்கூன்ல பொறந்தது. அதோட தாத்தா உங்க பக்கம்தானாம். மீன்சுருட்டியாமே? நான் பாத்ததில்ல.”

சோளமும் முந்திரியும் நிற்கிற மண்ணிலிருந்து ஒரு கிழவர் கடல் தாண்டிப் போனார். அவர் பேத்தி கடல் தாண்டி வந்தாள். அவள் கொண்டுவந்ததை இப்போது எங்கள் ஊருக்கே தூக்கிப் போகப் பார்க்கிறோம். அப்படியானால் இது யாருடைய சாப்பாடு? வந்ததா, திரும்புவதா? நின்ற இடத்திலேயே எனக்குத் திசை தப்பிவிட்டது.

அப்போது அவன் மனைவியின் போன். “இந்தா, நீயே சொல்லு” என்று என் காதில் வைத்துவிட்டான்.

“கெடச்சிருச்சாண்ணே?”

“நல்லாருக்கும்மா.”

“நல்லாருக்கறது இருக்கட்டும். ஓடுமா?”

புளி பல்லில் கூசியது. ஓடும் என்றால் ஒருவன் வேலை போகும். ஓடாது என்றால் இன்னும் எத்தனை வருடமோ, பிள்ளைகள் அவனைப் போனில்தான் பார்க்கும்.

“தெரியலம்மா.”

“உங்கள அனுப்புனேன் பாருங்க!” என்றாள். “அத அப்படியே கட்டி எடுத்தாரச் சொல்லுங்க. நாங்க தின்னு பாத்துக்கறோம்.”

“கலந்து எடுத்துட்டுப் போனா கூழாயிடும்” என்று கடைக்கார அம்மா ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கட்டினார். நண்பனை வண்டிக்குப் பின்னால் வரச் சொல்லி, எவ்வளவு அழுத்திப் பிசைய வேண்டும் என்று காட்டினார். அவன் ஒருமுறை பிசைந்ததை முன்னால் நின்றவர் வாங்கித் தின்றார். மீதி வைக்கவில்லை.

இரவு பஸ்ஸிலேயே ஊர் திரும்பினோம். மறுநாள் மதியம் அவன் மனைவி போனில் கூப்பிட்டாள்.

“மாமியாருக்குப் பிடிக்கலண்ணே, புழு மாதிரி இருக்குங்குது. சின்னவ மூணு வாட்டி வாங்கித் தின்னுட்டா. டிக்கெட்ட ஒரு மாசம் தள்ளிப் போடச் சொல்லிட்டேன். இன்ஷா அல்லா, பாப்போம்.”

“அவன் என்ன சொல்றான்?”

“எங்க சொல்றாரு? நூடுல்ஸ் வாங்க டவுனுக்குப் போயிட்டாரு.”

போனை வைத்தேன். ஒருவனை ஊரில் நிறுத்திவிட்டேனா, அவன் பிழைப்பைக் கெடுத்துவிட்டேனா? ஒரு மாதம் இருக்கிறது.